வாத்தியாருக்கு ஒரு தட்டு

அக்கா புவனேஸ்வரி ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் போன இரண்டாவது ஞாயிறு அது. வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம்தான் ஃபோன் கொடுப்பார்கள். ஷூ சரியாகப் பளபளக்கவில்லை என்று டிரில் சொல்லித்தருகிறவர் தார் ரோட்டில் முப்பது தரம் உருள வைத்தாராம். முதுகுத் தோல் உரிந்து, குப்புறப் படுத்துத் தூங்குகிறாளாம்.

"அழுதியாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"அழுதா இன்னும் பத்து சேத்துப் போடுவாருப்பா."

அப்பா உமாபதி பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். அம்மா போனபிறகு எங்கள் இருவருக்கும் அவர்தான் தலை பின்னிவிட்டார். தறி வேலை பழக விட்ட இடத்தில் பிள்ளையை ரொம்ப அடித்தால் எங்கள் தெருவில் யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து எடுத்துப்போய், "இனிமே உங்க புள்ள, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வருவார்கள். அதன்பிறகு அடி குறையும். சின்ன வயதில் அப்பாவுக்கே குறைந்ததாம்.

"ராணுவத்துல அதெல்லாம் செல்லாதுப்பா," என்றேன்.

"எங்க இருந்தா இன்னாம்மா? வாத்தியார் வாத்தியார்தான்."

தட்டோடு கிளம்பியவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். இரண்டு பஸ் மாறினோம். தட்டில் மாதுளை, ஆப்பிள், ஏகாம்பரநாதர் கோயில் விபூதி, வாத்தியாரின் மனைவிக்கு அப்பா நெய்த ரவிக்கைத் துணி. பயிற்சி மையத்தின் வாசலிலேயே காவலர் நிறுத்திவிட்டார்.

"இதெல்லாம் இங்க வாங்க மாட்டாங்க பெரியவரே, எடுத்துக்கினு கிளம்புங்க."

"சரி சார். புவனேஸ்வரியோட அப்பா வந்தேன்னு மட்டும் சொல்லிடுங்க."

காவலர் அக்காவின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்கு ஆப்பிளைக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

அடுத்த ஞாயிறு ஃபோனை நான் எடுத்ததும், "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்று அக்கா கேட்டாள். இல்லை என்றேன். சலுகை கேட்டு வீட்டிலிருந்து ஆளை வரவழைத்தாயா என்று எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார்களாம். தண்டனையாக இருபத்தெட்டு நாள் வெளியே போகக்கூடாது. தினமும் முதுகில் மூட்டையோடு மைதானத்தைச் சுற்ற வேண்டும். இன்னொரு புகார் வந்தால் அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள், எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதடி."

அப்பா வந்து ஃபோனை வாங்கியதும், "இப்போ கொஞ்சம் பரவால்லப்பா," என்றாள்.

"பாத்தியா? நீதான் செல்லாதுன்ன!" அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்கு இன்னொரு தட்டோடு போவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

அந்த வாத்தியாருக்கு மாற்றல் ஆகிவிட்டது என்று பொய் சொல்லிப் பார்த்தேன்.

"அப்போ புதுசா வந்தவரையும் பாத்துட்டு வந்துடணும்மா. முன்னவரே தேவலைன்னு ஆயிடக் கூடாது பாரு."

அமாவாசைக்கு முதல் நாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினார். வேறு வழி தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என்னாலயா?" என்றார். இல்லை, இல்லை என்று எத்தனையோ சொன்னேன். எதுவும் அவருக்குள் போகவில்லை.

அதன்பிறகு ஞாயிறுகளில் ஸ்பீக்கர் போட்ட ஃபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்கமாட்டார். பேசுங்கள் என்று சைகை காட்டினால் கையை ஆட்டி மறுப்பார். அக்கா வைத்தபிறகு, "நான் எதுனா சொல்லி, அது அங்க யார் காதுலனா விழுந்து... வேணாம்மா," என்பார். "அப்பா எங்கடி?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு என் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்படி ஏழு ஞாயிறு. அடுத்த வியாழக்கிழமை அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

அக்காவுக்கு நான்கு நாள் லீவு கொடுத்தார்கள். கன்னம் ஒட்டி, முடி வெட்டி, வேறு யாரோ போல வந்து நின்றாள். கிளம்புகிற அன்று கேட்டாள்: "ஏழு வாரமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலடி. நான் போனது அவருக்குப் புடிக்கலையா?"

உண்மையைச் சொன்னால் அதைச் சுமந்துகொண்டுதான் அந்த மைதானத்துக்கு அவள் திரும்ப வேண்டும். இன்னும் எட்டு மாதப் பயிற்சி பாக்கியிருந்தது.

"தொண்ட கட்டிக்கினு இருந்துச்சுக்கா."

"ஏழு வாரமா?"

"ஆமாக்கா."

அவள் நம்பவில்லை. பஸ் ஏறும்வரை வேறெதுவும் கேட்கவும் இல்லை.

போன மாதம் அவள் அதிகாரியாகிவிட்டாள். இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். பேசுகிறோம், அப்பாவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.