அக்கா விரலால் படித்த ஃபைல்

என் அக்கா சகாய பிரியாவுக்கு எதையும் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தால்தான் நிம்மதி. கடலூரில் மனு அடித்துக் கொடுக்கும் கடையில் தமிழ் டைப்பிஸ்ட். வீட்டுக் கம்ப்யூட்டரில் கேஸ் நம்பருக்கு ஒரு ஃபோல்டர், ரேஷன் கார்டுக்கு ஒன்று. "என்னை எந்த ஃபோல்டர்ல போட்டிருக்க?" என்று கேட்டால், "குப்பைத் தொட்டில" என்பாள்.

'பிரிசில்லா' என்ற ஃபோல்டரை மட்டும் நான் கிண்டல் செய்வதில்லை. அது அவள் மகள். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாமா சிங்கப்பூரில். பகலெல்லாம் ஊரார் மனுக்களை அடித்துவிட்டு வந்து, பிள்ளைக்கு எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இழுத்தது, என்ன மாத்திரை கொடுத்தோம் என்று அடிப்பாள். அடிக்கும்போதே கண் சொருகும். பார்க்கிற எனக்கே அசதியாக இருக்கும்.

2010இல் சிதம்பரத்தில் ஒரு புது டாக்டரிடம் போனோம். மாத்திரையை மாற்றலாமா என்று பார்க்க, பழைய விவரமெல்லாம் வேண்டும் என்றார்.

"தூக்கத்துல வருதாம்மா?"

"இல்ல சார்" என்றாள் அக்கா, தலை குனிந்துகொண்டு.

பென் டிரைவைக் கொடுத்தாள். ஃபைலை எடுத்து வந்தவள், அவள் அடிக்கும் தமிழ் ஃபான்ட்டை எடுத்து வரவில்லை. டாக்டரின் கம்ப்யூட்டரில் திறந்தால், mk;kh என்று தொடங்கிப் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுத்துக் குப்பை.

"அடுத்த மாசம் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க."

இன்னொரு மாதம் இதே மாத்திரை, இதே பஸ். எனக்கு எரிச்சல் பொங்கியது, அக்கா மேலேயும்தான்.

"இருங்க சார்" என்றாள். மேஜை விளிம்பில் விரல்களை வைத்தாள். திரையில் இருந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் தமிழுக்காக அவள் தட்டிய கீகள்தானே. m, k என்று பார்த்துப் பார்த்து மேஜையில் தட்டினாள். "அம்மா" என்று முதல் சொல்லைப் படித்தாள். அப்புறம் நிற்கவில்லை. விரல் தட்டத் தட்ட வாய் படித்தது, டாக்டர் எழுதிக்கொண்டார்.

ஓரிடத்தில் விரல் நின்றது. தாண்டிப் போயிருக்கலாம். அந்த அறையில் வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

"நேத்து ராத்திரி நான் அசந்து தூங்கிட்டேன்" என்று படித்தாள். "எப்ப வந்துச்சுன்னு தெரியல. காலைல பாத்தா நாக்கைக் கடிச்சிருந்தா."

டாக்டர் நிமிர்ந்தார். "தூக்கத்துல வந்திருக்கு. இதத்தாம்மா கேட்டேன். மாத்திரையே வேற குடுக்கணும். இந்த மாதிரி இன்னும் எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

"நிறைய இருக்கு சார்" என்றாள் அக்கா. அழுதுகொண்டே தட்டினாள்.