ஒலிப்பவையும் ஒலிக்காதவையும்

உலோகத்தைத் தட்டினால் ஒலிக்கும், அல்லுலோகம் ஒலிக்காது என்று விஞ்ஞான ரீச்சர் படிப்பித்தது நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது. உலோகம் மினுங்கும், அடித்தால் தகடாகும், சூட்டைக் கடத்தும். அல்லுலோகம் மங்கிக் கிடக்கும், அடித்தால் நொருங்கும். இவ்வளவையும் அவர் வாயாலேயே படிப்பித்தார். எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடம் என்பது ஒரு பூட்டிய அலுமாரி. அதன் திறப்பு எங்கே என்று அதிபருக்கே தெரியாது. ஆகவே வீட்டிலுள்ள சாமான்களைத் தட்டிப் பார்த்து வந்து சொல்லும்படி எங்களை அனுப்பிவிட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அப்பாவுக்குச் சீவியமே இரும்போடுதான். துறைமுகத்தில் பழுதுபார்க்க வரும் கப்பல்களின் அடித்தட்டுக்குள் இறங்கி, சுத்தியலால் துருத் தட்டுகிற வேலை. பாலையூற்றிலிருந்து விடியச் சைக்கிளில் போனால் பொழுதுபடத்தான் வருவார். வந்ததும் றேடியோவை அயலெல்லாம் கேட்கத் திருப்பிவிடுவார். கப்பலுக்குள் கத்திப் பழகியவர் வீட்டிலும் கத்துகிறார் என்று நானும் அக்காவும் பகிடி பண்ணுவோம். அந்த வேலைக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம் என்று அவரே சொல்லியிருக்கிறார். மேலிருந்து இரும்புத் தகடு இறங்கும்போது விசில் ஊதுவார்கள். கேட்ட உடனே விலகிவிட வேண்டும். காது மந்தம் என்று தெரிந்தால் வேலையிலிருந்து நிற்பாட்டிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், நான் ஒவ்வொன்றாகத் தட்டுவேன், உலோகமா அல்லுலோகமா என்று சொல்ல வேண்டும்.

"அப்ப சாமானை என்ரை கையிலை தந்திட்டுத் தட்டு," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

பித்தளைச் செம்பு, கரிக்கட்டி, ஆணி, சிரட்டை. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். பிறகுதான் எனக்குக் களவு பிடிபட்டது. உலோகம் தொட்டால் குளிருமே! தொட்டுச் சொல்வதெல்லாம் ஒரு சோதனையா? செம்பை எடுத்துப்போய் அவருடைய கதிரைக்குப் பின்னால் மாமரக் கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். இரும்புக் கரண்டியால் ஓங்கி ஒன்று போட்டேன். முற்றத்தில் படுத்திருந்த நாய் எழும்பி ஓடியது.

அப்பா கண்ணை மூடியபடி, சின்னச் சிரிப்போடு இருந்தார். திரும்பவும் அடித்தேன். அதற்குப் பிறகும் அடித்தேன்.

"அடியன் பிள்ளை, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றார்.

என்னை ஏய்க்கிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். செம்பு நெளியப்போகிறது என்று ஏச வந்த அம்மா குசினி வாசலில் நின்றுவிட்டாள். ஆடிக்கொண்டிருந்த செம்பைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ," என்று கூப்பிட்டாள். பிறகு இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். அப்பா அசையவில்லை. அந்தச் சிரிப்பும் மாறவில்லை.

அம்மா சுற்றிக்கொண்டு முன்னால் போய் அவருடைய தோளில் கை வைத்தாள். அப்பா கண்ணைத் திறந்து அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அம்மா செம்பை அவிழ்த்து என்னிடம் தந்தாள்.

"இதை ஒருத்தரிட்டையும் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடத்திலையும்தான்."

எனக்கு அப்பாவை நினைக்கப் பாவமாக இருந்தது. பிள்ளை வைத்த சோதனையில் தோற்றது பெரிய மனிதருக்கு வெட்கம்தானே. ஆகவே அடுத்த நாள் வகுப்பில், கண்ணை மூடிக்கொண்டே அப்பா எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்றேன். "துறைமுகத்து ஆக்களின்ரை காதெல்லே," என்று ரீச்சர் மெச்சினார். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோசத்தில் அன்று எனக்குப் பசிக்கவும் இல்லை.

அப்பா வழமைபோல வேலைக்குப் போய்வந்தார். ஆனால் அம்மா அதற்குப் பிறகு அவரைப் பின்னால் நின்று கூப்பிட்டதே இல்லை. அடுப்பில் என்ன கிடந்தாலும் விட்டுவிட்டு முன்னால் வந்து, அவர் தன் முகத்தைப் பார்க்கும்வரை நின்றுதான் கதைப்பாள். விடிய அவரை வழியனுப்பிவிட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பாள். பொழுதுபடச் சைக்கிள் தெரியும்வரை அதே இடத்தில் நிற்பாள். இந்த வயதில் இவர்களுக்குள் இப்படியொரு காதலா என்று நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.