சோறு இல்லை, கஞ்சி

அன்று மாலை தொலைக்காட்சியில் ஒரு பேய் நாடகம். பழைய வீட்டில் கிடைத்த செப்புச் சொம்பை யார் வாசலுக்கு வெளியே எடுத்துப் போகிறாரோ, அவர் திரும்பி வருவதில்லை. இரண்டாவது ஆள் அதைக் கையில் எடுத்ததும் எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்துவிட்டேன்.

"நல்ல எடத்துல அடைச்சிட்டீங்களே," என்றாள் மகள். "பேய்க்கே உங்களப் பாத்தாதான் பயம்லா."

மறுநாள் அவளுக்குச் சுங்கை காடுட் தொழிற்சாலையில் முதல் நாள் வேலை. சோறு கொண்டுபோவதற்காக, பரணில் கிடந்த என் அப்பாவின் தூக்குச்சட்டியை இறக்கிக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

அதன் கதையை அவளுக்கு நான் சொன்னதில்லை. மலாயாவின் அவசரகாலத்தில், என் சிறுவயதில், புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி. காட்டில் ஒளிந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகத் தடை. கஞ்சி சோற்றில் சேராது என்று அப்பா நினைத்துக்கொண்டார். பால் வெட்டப் புறப்பட்டவரைக் கேட்டில் காவலர் நிறுத்தினார். அப்பா தனக்குத் தெரிந்த மலாயில், "நாசி இல்லை துவான், கஞ்சி," என்றார். சோறு இல்லை ஐயா, கஞ்சி என்று சொன்னதாக அவர் நினைப்பு. மலாயில் கஞ்சி என்றால் துணிக்குப் போடுவது மட்டும்தான். குடிக்கிற கஞ்சிக்கு வேறு சொல். தன்னைக் கேலி செய்வதாகக் காவலர் எடுத்துக்கொண்டார். மூடியைத் திறந்து குச்சியால் கிளறினார். அடியில் பருக்கைகள். அப்பா போலீஸ் லாரியில் ஏறுவதை அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தேன். தூக்குச்சட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது. அப்பா வர மாதக்கணக்காயிற்று. வந்தபிறகு, என்ன கேட்டாலும் கேட்டவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ராசி கெட்ட தூக்கு என்றார்கள் லயத்தில். நான் படித்தவள், நம்பியதில்லை. ஆனாலும் மகளிடம், "பிளாஸ்டிக் டப்பால எடுத்துட்டுப் போயேன்டி," என்றேன்.

"டப்பா ஒழுகும்மா. சாம்பார் பையில ஊத்திச்சின்னா கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா சிரிப்பாரு."

"தொறந்து பாப்பாரா?"

"போறப்ப, வர்றப்ப எல்லார் பையையும் பாப்பாங்களாம். சாமானத் தூக்கிட்டுப் போயிருவோம்னுலா."

காலையில் அடுப்படியில் வெகுநேரம் நின்றேன். தூக்கை ஒளித்துவைத்தால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் என் பயம் முதல் நாளே அவளோடு வேலைக்குப் போகும். கடைசியில் சோறு வடிக்காமல், மீகூன் என்கிற மெல்லிய சேமியாவைப் பிரட்டித் தூக்கில் நிரப்பினேன்.

அவள் மூடியைத் திறந்தாள். "சோறு எங்கம்மா?"

"இனிமே வேலைக்கு மீகூன்தான்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"சரியான ஆளுலா நீங்க," என்று மூடியை அழுத்திவிட்டு, தூக்கை வீசி ஆட்டியபடி பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் வந்து சேரும்வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.