ஹெர்ஷலின் குறி தவறிய மான்

தென் டெக்சஸில் ஒன்பது பேர் சேர்ந்து மான் வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்த காட்டில் நெல்டா ஓச்சோவா பதினெட்டு வருடமாக மான் உரிக்கிறாள். சுட்ட மானின் கீழ்த்தாடையை அறுத்தெடுத்து, பல்லைப் பார்த்து வயது சொல்வதும் அவள் வேலைதான். அவள் சொல்லும் வயதை அந்தக் குத்தகைக்காரர்கள் ஒன்பது பேரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். அவள் கருத்தை மட்டும் யாரும் கேட்டதில்லை.

கருத்துச் சொல்ல அங்கே ஹெர்ஷல் கிராஸ்காப் இருந்தார். குத்தகைக்குக் கேப்டன். கொம்பில் கிளை விடாத இளம் ஆண் மான்களைச் சுட்டுத் தள்ளினால் மந்தையின் ரத்தம் சுத்தமாகிவிடும் என்பது அவர் வேதம். அவருடைய சொந்த ரத்தத்தில் வந்த மூன்று மகன்களும் எந்த வேலையிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. அதைப் பற்றி அந்த வேதத்தில் எதுவும் இல்லை.

இந்த அக்டோபரில், சுட்டுத் தள்ள வேண்டியவை என்று அவர் எழுதிய பட்டியலில் இருபத்து மூன்று மான்கள். எல்லாம் பால்பல் முழுதாக விழாத குட்டிகள். போன வருடம் மழையே இல்லை. புல் இல்லாத வருடத்தில் கொம்பு எங்கிருந்து கிளைக்கும்? இவை தன் கத்திக்கு வரக்கூடாது என்று நெல்டா முடிவு செய்தாள்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, வழக்கமான இறைச்சி விருந்து. காட்டில் கட்டிவைத்த கேமராவில் விழுந்த ஒரு படத்தை ஹெர்ஷல் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களாடா! பன்னெண்டு கிளை! என் பட்டியல் பெத்த பிள்ளை!"

நெல்டா பீன்ஸ் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "உங்க பிள்ளைதான், கேப்டன். இடது காதைப் பாருங்க."

பாதிக் காது இல்லை. அதே கேமராவில் முன்பு விழுந்த பழைய படம் ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தாள். அதே பாதிக் காது, ரத்தம் காயாமல். தலையில் குச்சி மாதிரி இரண்டு கொம்பு.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க சுட்டது. காதுதான் கிடைச்சுது. குறி தவறினீங்க பாருங்க, இந்த மந்தைக்கு நீங்க செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதான்."

குத்தகைக்காரர்களில் மூத்தவரான கிழவர் ஓட்டிஸுக்குச் சிரிப்பில் பீர் மூக்கில் ஏறியது.

"ஒரு மான் தப்பிச்சா என்ன? ரத்தம்னா ரத்தம்தான்," என்றார் ஹெர்ஷல்.

"பாதி ரத்தம் தாயோடது. பொட்டை மானுக்குக் கொம்பே கிடையாது. அதுல எது மட்டம்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? மூஞ்சியப் பாத்தா?"

"தோல் உரிக்கிறவ, உனக்கு என்ன தெரியும்?"

"நீங்க கொன்னதுங்களோட வயசு தெரியும். முக்கால்வாசி ஒன்றரை வயசு. அதுங்களுக்கு அதுதான் முதல் கொம்பு."

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டிஸ் பேனாவை எடுத்து, ஹெர்ஷலின் பட்டியலில் இருந்த இருபத்து மூன்றையும் கோடு போட்டு அடித்தார்; மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அந்தப் பருவத்தில் நெல்டாவின் கத்திக்கு ஒரு குட்டியும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குள் ஹெர்ஷலிடம் புதுக்கதை தயாராகிவிட்டது: நல்ல மான் என்று அன்றைக்கே தெரியுமாம், அடையாளத்துக்காகத்தான் காதில் சுட்டாராம்.