இடது பக்கத்துக் குளிர்

என் மனைவி காலமான பிறகுதான் வண்டியில் அந்தக் குளிர் வர ஆரம்பித்தது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேட்டரி கார். மகளைச் சதுரங்கப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த பிறகு, செங்கல்பட்டிலிருந்து அவளைப் பார்க்கப் போய்வரவும் கோவில் குளத்துக்கும் ஆகட்டும் என்று வாங்கினோம். என் மனைவிக்கு உடம்பில் எப்போதும் ஒரு காங்கை. வண்டி கிளம்பியதுமே, "புழுங்குது, கொஞ்சம் கூட்டேன்" என்பாள். என் பக்கத்து ஏசி காற்று வழிகளை மூடிவிட்டு, மற்றதையெல்லாம் இடது இருக்கைக்குத் திருப்பி வைத்திருப்பேன்.

அவள் போன பின் தனியாக ஓட்டும்போது கவனித்தேன். திரையில் இருபத்துநாலு டிகிரி என்றுதான் இருக்கும். ஆனால் திருக்கழுக்குன்றம் போவதற்குள் இடது இருக்கை சில்லிட்டுப் போகும். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டி. அந்த அமைதியில் காற்று மட்டும் அந்தப் பக்கமே ஊதிக்கொண்டிருக்கும். துபாயிலிருந்து மகன் வந்து சேரும்வரை அவளை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். அந்தக் கண்ணாடிமேல் கை வைத்தபோது உள்ளங்கையில் ஏறிய குளிர் இதேதான்.

பில்டரை மாற்றிப் பார்த்தேன். திரையை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன், அம்மன் கோவில் விபூதியை இருக்கையில் தூவினேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்: "இன்னாம்மா கொறை உனக்கு?" பதிலுக்குக் காற்று இன்னும் பலமாக ஊதியது. முதலில் பயந்தேன். பிறகு பயம் போய்விட்டது. காய்கறி வாங்கப் போனாலும் நடக்காமல் வண்டியில் போக ஆரம்பித்தேன்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. தாய் இல்லாததால் பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பேரனை முதல் தடவையாக நம் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். வண்டியோடு வருகிறேன் என்று மகளிடம் போனில் சொன்னேன்.

"நைனா, அந்த வண்டியிலயா? போன வாட்டி எனக்கே பல்லு தந்தி அடிச்சிது. கொயந்தைய அதுல ஏத்த மாட்டேன். சரி பண்ணிக்கினு வா. இல்லாங்காட்டி நான் இங்கியே இருந்துக்கிறேன்."

படாளத்தில் என் மனைவியின் தம்பி வண்டி ஏசி வேலை பார்க்கிறான். அவனிடம் கொண்டுபோனேன்.

"இன்னா மாமா, கொளுத்துற வெயில்ல துண்டு போத்திக்கினு வர்ற? புது மாப்ளைக்கு வெக்கமா?" என்று சிரித்துக்கொண்டே இடது கதவைத் திறந்து உட்கார்ந்தான். "யப்பா! ஐஸ் பொட்டி மாரி கீதே..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இறங்கிப் போய் கேஸ் அளவு பார்க்கும் கருவியை எடுத்துவந்து மாட்டினான்.

கேஸ் சரியாக இருந்தது. காற்றைத் திருப்பும் மூடிகளும் நன்றாக வேலை செய்தன. உதட்டைப் பிதுக்கியவன், ஸ்டீயரிங் பக்கத்தில் டார்ச் அடித்தான். அங்கே சின்னதாக ஒரு சல்லடைத் துளை உண்டு. அதன் வாயில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"வண்டிக்கு இதான் மூக்கு மாமா. உள்ள எவ்ளோ சூடுன்னு இது மோந்துதான் சொல்லும். இத அடைச்சிட்டா? உள்ள இன்னும் கொளுத்துதுன்னு நெனச்சிக்கினு ஊதிக்கினே கீது. யாரு வெச்சது இத?"

எனக்கு நினைவு வந்தது. அவள் செய்த கடைசி ஆயுத பூஜை. பூட்டு, பொத்தான் ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தவள், "இது இன்னா, கண்ணு மாரி கீது, இதுக்கும் ஒண்ணு" என்று குனிந்து அழுத்தினாள். அப்போதே வண்டி குளிர ஆரம்பித்திருக்கும். அவள்தான் கூட்டு கூட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, எனக்கு எங்கே தெரியும்?

அவன் ஊசியோடு குனிந்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இரு மச்சான். உங்க அக்கா எங்கூட உக்காந்துக்கினு வர்றான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவன் ஊசியை என் கையில் கொடுத்தான். "அக்கா வெச்ச பொட்ட எடுக்க எனக்கு மட்டும் கை வருமா? ஆனா புள்ளைய ஏத்தணுமே மாமா." டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய், டீக்கடைக்குப் போகாமல் புளிய மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

தாயே, மன்னிச்சிக்கோ என்று அம்மனைக் கும்பிட்டேன். எந்தத் தாயைச் சொன்னேனோ தெரியவில்லை. துண்டு நுனியை நனைத்து மெதுவாகத் தொட்டேன். ஈரம் பட்டதும் சந்தனம் மணத்தது. பூஜை அன்று அவள் கையில் மணத்ததுபோலவே. துண்டில் வந்ததை வீணாக்காமல் நெற்றியில் இட்டுக்கொண்டேன். மிச்சத்தை ஊசியால் எடுத்தேன்.

அங்கிருந்து நேராகச் சதுரங்கப்பட்டினம் போனேன். மகளும் பேரனும் பின் இருக்கையில் ஏறினார்கள். குளிர் அளவாக இருந்தது. இருபத்துநாலு என்றால் இருபத்துநாலுதான். இடது இருக்கையில் கை வைத்தேன். வெறும் துணி. ஊர் எல்லை தாண்டும்வரை கையை எடுக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"புழுங்குது நைனா, கொஞ்சம் கூட்டேன்."

கண்ணாடியில் பார்த்தேன். மகள் முந்தானையால் பேரனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். என் மனைவி போனதிலிருந்து நான் தொடாமலே வைத்திருந்த இடது பக்கத்துக் காற்று வழியை எட்டிப் பிடித்து, பின்பக்கம் போகும்படி திருப்பி வைத்துவிட்டு, கூட்டினேன்.