மஞ்சள் கண்ணைப் பார்த்த டிரஸ்ஸர்

மலாயா சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளுக்குப் பிறகு, காஜா பேராங் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக ஒரு டிரஸ்ஸர் இருந்தார். ஒல்லியான ஆள், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. யார் வந்தாலும் பேச்சுக்கு முன் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார்.

டாக்டர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த புது மாத்திரையை என் கணவர் இரண்டு மாதமாகச் சாப்பிட்டுவந்தார். ஒரு நாள் கிளினிக்குக்குப் போனபோது டிரஸ்ஸர் அவர் இமையை இழுத்துப் பார்த்தார்; கண் மஞ்சளாக இருந்தது. டாக்டரோ ஊரில் இல்லை.

“மாத்திரை ஈரலைக் கெடுத்திருக்கு, தங்கச்சி. நிறுத்திடுங்க.”

“நிறுத்தினா பிரஷர் ஏறிடாதா அண்ணே?”

“ஏறலாம். நான் தினமும் வந்து பார்க்கிறேன்.”

சொன்னபடி தன் வீடு இருந்த கிளேபாங்கிலிருந்து சைக்கிளில் வந்து, அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடுவார். மூன்றாவது வாரம் கண் தெளிந்தது. அன்றுதான் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். “டாக்டர் இல்லாம நானா நிறுத்தச் சொல்லிட்டேன், பிரஷர் ஏறிடுமோன்னு தினமும் பயந்துக்கிட்டேதான் வந்தேன்” என்றார். அத்தனை நாள் அந்தப் பயத்தை எங்களிடம் எப்படிக் காட்டாமல் இருந்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.