கள்ளனின் குணம் சொல்லும் கொறற்றி மிஸ்

“எடுத்தது இருக்கட்டும். எடுக்காம விட்டது என்னென்ன?”

இப்படிக் கேட்டுவிட்டு மரிய கொறற்றி தட்டச்சு இயந்திரத்திலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். எதிரே இருப்பவர் எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தவர். லயத்து வரிசை வீட்டில் யாரோ கோழி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பொலிஸுக்குக் கொடுக்கச் சிங்களத்தில் ஒரு பெட்டிசன் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் மிஸ்ஸின் விரல் அசையாது. மூன்று கோழியில் இரண்டு போய்விட்டன, அடைகாத்த கோழி மட்டும் கூட்டிலேயே இருந்தது என்று அவர் யோசித்துச் சொன்னதும் மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிடும்.

“அப்ப அவனும் கோழி வளக்கிற ஆளுதாங்க. அடையில இருக்கிறதத் தூக்க மனசு வரல. பசிக்கு எடுத்தவனா இருந்தா முட்டையையும் சேத்துக் கொண்டு போயிருப்பான். கோழி வச்சிருக்கிற ஆள்ல உங்களோட கோவிச்சிக்கிட்டவன் யாரு?”

வந்தவர் உடனே எழுந்துவிடுவார். அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. பாதி நாட்களில் பெட்டிசன் அந்த இடத்திலேயே நின்றுபோகும். மிஸ்ஸுக்கு வருமானம் போய்விடும். சந்தோசம் மட்டும் போகாது.

மாத்தளையில் நீதிமன்றத்துக்கு ஏறும் வழியில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய அறைதான் அவருடைய அலுவலகம். சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என இரண்டு தட்டச்சு இயந்திரங்கள். வயது ஐம்பத்து நாலு. கனத்த உடம்பு. நூலில் கட்டித் தொங்கும் கண்ணாடி. யோசிக்கும்போது வறுத்த கடலை வேண்டும். கடலை சுற்றிய காகிதச் சரையின் கசங்கலைப் பார்த்தே இன்றைக்கு எவ்வளவு சிக்கலான கேஸ் வந்தது என்று கணவர் நோபர்ட் சொல்லிவிடுவார். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருக்கும் அவரும் மிஸ்ஸோடு முப்பது வருசம் வாழ்ந்து கொஞ்சம் தொழில் கற்றுக்கொண்டவர்தானே.

பொது நூலகத்தில் ஒருநாள் மிஸ்ஸின் கையில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. குற்றம் நடந்த இடத்தைப் பார்த்து, செய்தவனின் மனதையும் வயதையும் பழக்கத்தையும் கணிப்பது எப்படி என்று வெளிநாட்டுப் பொலிஸ்காரர் ஒருவர் எழுதியது. தான் இத்தனை வருசமாகக் கடலை தின்றுகொண்டே செய்வதற்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் மிஸ்ஸுக்குத் தெரிந்தது. இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டு, நோபர்ட்டிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

“நல்ல புத்தகந்தான். ஆனா அதுல எல்லாக் கள்ளனும் தனியா வாழுற ஆளாம். அக்கம்பக்கத்தோட பேச மாட்டானாம். மாத்தளையில யாருங்க தனியா வாழுறா? யாருங்க பேசாம இருக்கா?”

தவறியதும் உண்டு. மாதா கோயில் ஆர்மோனியம் காணாமல் போனபோது, எடுத்தவன் பாடத் தெரியாதவன், பாட்டுக்காரர்கள் மேல் பொறாமை உள்ளவன், பின்வரிசையில் உட்காருபவன் என்று அடுக்கிக்கொண்டே போனார். பின்வரிசைக்காரர்கள் இரண்டு ஞாயிறு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் ஞாயிறு ஃபாதர் பூசை முடிவில், ஆர்மோனியத்தைக் கண்டிக்குத் திருத்த அனுப்பியிருப்பதாக அறிவித்தார். அந்தக் கதையை மிஸ்தான் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். “ஒண்ணு மட்டும் சரி. ஃபாதருக்குப் பாடத் தெரியாது.”

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை புஹாரி முதலாளி அந்த அறைக்குள் நுழைந்தார். இரத்தோட்டைப் பக்கம் மிளகு, கராம்பு வாங்கி விற்பவர். வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாத் தொழுகைக்கும் மனைவி பக்கத்து வீட்டுக்கும் போயிருந்த நேரம் வீட்டு அலுமாரியைக் கவிழ்த்துக் கொட்டி, மனைவியின் நான்கு தங்க வளையல்களையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அன்றைக்கே பொலிஸில் சொல்லியாயிற்று. இப்போது விபரமாக எழுதிக் கேட்கிறார்கள்.

“ஆளப் புடிச்சாச்சு மிஸ். எங்கட ஸ்டோர்ல மூட்ட தூக்கிற அழகமுத்து. எல்லாரும் பள்ளிக்குப் போன நேரம் அவன் மட்டுந்தானே அங்க நின்ட. எட்டு வருசமா வீட்டுக்குள்ள வந்து போற ஆள்.”

“அவரு எடுத்தாருன்னு நீங்க சொன்னீங்களா?”

“நான் சொல்லல்ல. அங்க யாரு ஈந்தன்னு கேட்டாங்க. அத சொன்னேன்.”

மிஸ் கடலைச் சரையை மூடி வைத்தார். முப்பது வயது அழகமுத்துவை அவருக்குத் தெரியும். போன வருசம் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே அவர்தான். அட்டை இன்னும் வந்து சேரவில்லை. அந்த நாட்களில் அட்டை இல்லாத ஒரு தமிழ் ஆள் திருட்டுக்கென்று உள்ளே போனால், புலிச் சந்தேகம் என்று வேறொரு பைலுக்கு மாறிக் கொழும்புப் பக்கம் போய்விட அதிக நாள் எடுக்காது. அதன் பிறகு வளையல் கிடைத்தாலும் ஆள் கிடைப்பது கஷ்டம்.

“அந்த ரூமைக் கூட்டினீங்களா முதலாளி?”

“இல்ல. இன்னம் ஒருக்கா வருவோம், தொட வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க.”

“அப்ப நான் பாத்துட்டுத்தான் எழுதுவேன். வேன் நிக்குதா?”

இரத்தோட்டை வரை மிஸ் வீதியையே பார்த்துக்கொண்டு வந்தார். முதலாளிக்கு அது பொலிஸ் விசாரணையை விடப் பயமாக இருந்தது.

நூருன்னிஸா வாசலில் நின்றாள். நாற்பது வயதிருக்கும். மூன்று நாள் தூங்காத கண். மிஸ் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அலுமாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. முதலாளியின் சட்டைகள் சீமெந்துத் தரையில் தாறுமாறாகக் கிடந்தன. இரண்டு சட்டைகளை யாரோ நன்றாக மிதித்திருந்தார்கள். நூருன்னிஸாவின் சேலைகளும் வெளியேதான் கிடந்தன, ஆனால் விரித்த பாய்க்கு மேல், மடிப்புக் குலையாமல். மூலையில் ஒரு கண்ணாடிக் கூஜா உடைந்து கிடந்தது. மிஸ் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். விளிம்பில் பழைய வெடிப்பு, அதில் படிந்த தேயிலைக் கறை. தங்க விளிம்பு போட்ட தேநீர்க் கோப்பைகளோ கட்டிலுக்குக் கீழே ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்திரமாக அடுக்கியிருந்தன.

அலுமாரிக்குப் பக்கத்து மேசையில் குர்ஆன் வைக்கும் பலகை வெறுமனே இருந்தது. குர்ஆன் உயரத்துத் தட்டில், வெள்ளைத் துணி போர்த்தி, கலவரம் எதுவும் எட்டாத இடத்தில் இருந்தது.

“கிதாபு எப்பவும் அங்கயா இருக்கும் முதலாளி?”

புஹாரி நிமிர்ந்து பார்த்தார். “இல்ல... மேசையிலதானே ஈக்கும்.” அவர் இப்போதுதான் கவனிக்கிறார்.

அழகமுத்துவும் இதைச் செய்யக்கூடியவர்தான் என்று மிஸ் நினைத்தார். அடுத்தவர் சாமியைக் காலுக்குக் கீழே விடுகிற ஆள் அல்ல அவர். ஆனால் எந்தக் கூஜா ஏற்கனவே வெடித்தது என்று மூட்டை தூக்குகிறவருக்கு எப்படித் தெரியும்? கள்ளன் எதற்குக் கோப்பையைக் காப்பாற்ற வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலே, அந்தச் சட்டைகள். அவசரத்தில் இருப்பவன் மிதித்துக்கொண்டு போவான், சரி. ஒரே சட்டையை நாலு தரமா மிதிப்பான்?

“முதலாளி, எனக்குக் கொஞ்சம் சீனி வருத்தம் இருக்கு. சீனி போடாத பிஸ்கட் கடையில இருக்கான்னு பாத்து வாங்கிட்டு வர்றீங்களா?” என்றார். சீனி வருத்தம் அவருக்கு இல்லை.

முதலாளி போனதும் மிஸ் கட்டிலில் உட்கார்ந்து, நூருன்னிஸாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. தனக்குத்தானே பேசுவதைப் போலச் சொன்னார்.

“இதைச் செஞ்ச ஆளு நல்ல ஆளு தங்கச்சி. அல்லாவுக்குப் பயந்த ஆளு. சாமான் சட்டோட அருமை தெரிஞ்ச ஆளு. ஒரு வீட்டைக் கள்ளன் எப்படிக் கவுத்துப் போடுவான்னு யோசிச்சு யோசிச்சுப் போட்டிருக்கு, பாவம். ஆனா இந்தச் சட்டைக்கு வந்தப்போ மட்டும் யோசிக்கல. அது மனசுக்குள்ள இருந்து வந்திருக்கு.”

நூருன்னிஸாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாக மாறியது.

அவளுடைய ராத்தா, மூத்த சகோதரி ஸுலைஹா மன்னாரில் வாழ்ந்தவள். மூன்று வருசத்துக்கு முன் வடக்கிலிருந்து முஸ்லிம்களை இயக்கம் விரட்டியபோது உடுத்த துணியோடு வெளியேறிப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருக்கிறாள். மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தது. கையில் போட ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. புஹாரி முதலாளிக்கும் ராத்தாவின் கணவருக்கும் பத்து வருசமாகப் பேச்சில்லை. ஒரு கலியாண வீட்டில், ஒரே தட்டில் கூடிச் சாப்பிடும் சஹனில் உட்காரும்போது அவர் இவரை முதல் பந்தியில் கூப்பிடாமல் விட்டாராம். அந்த வீட்டுப் பேரை இங்கே எடுக்கக் கூடாது.

“என்ட உம்மா எனக்குப் போட்ட வளையல் மிஸ். அத என்ட ராத்தா மகளுக்குக் குடுக்க இவர்ட்ட கெஞ்சவா வேணும்? குடுத்தனுப்பிட்டேன். பொறகு பயம் வந்திட்டு. கள்ளன் வந்த மாதிரி செஞ்சா ரெண்டு நாள் ஏசுவாரு, முடிஞ்சிரும்னு நெனச்சேன். பொலிஸுக்குப் போவாருன்னே நெனைக்கல்ல. அழகமுத்துவக் கொண்டு போனதிலயிருந்து தொண்டையில சோறு எறங்குதில்ல. பக்கத்து வீட்டு ஆளப் புடிச்சு மூணு நாளா அவருக்குச் சோத்துப் பார்சல் அனுப்புறேன்.”

“பார்சல் போதாது தங்கச்சி. அவரு வெளிய வரணும். இன்னைக்கே. மொதலாளிக்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

நூருன்னிஸா முகத்தைத் துடைத்தாள். “நானே சொல்றேன். நீங்க பக்கத்தில ஈங்க.”

பிஸ்கட்டோடு வந்த முதலாளி வாசலில் நின்றபடியே முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடிந்ததும் தரையில், தன்னுடைய சட்டைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அந்தக் கூஜாவ ஏன் ஒடச்ச?” என்றார் கடைசியில்.

“அது ஏற்கனவே ஓட்ட.”

“என்ட சட்ட?”

“அது வேணும்னுதான்.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரென்றுதான் இருவரும் நினைத்தார்கள். நிமிர்ந்தபோது பார்த்தால் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார். “கலியாணம் எப்ப?”

“வார மாசம் பதினாலு.”

“அந்த மனிசன்ட்டச் சொல்லு, மொதல் பந்தியில எனக்கு எடம் வேணும்.” பிறகு சட்டென்று எழுந்தார். “எழும்புங்க மிஸ். மொதல்ல அழகமுத்து.”

மாத்தளைக்குத் திரும்பி வந்து மிஸ் எழுதிய அந்த ஒரு பக்கக் கடிதம் போல் அவர் அதற்கு முன் எழுதியதில்லை. பொய் ஒரு எழுத்தும் இல்லை, வேண்டாத உண்மையும் ஒரு எழுத்து இல்லை. வளையல்கள் என்னுடையவை. அலுமாரியைத் திறந்ததும் நானே. வளையல்களை என் சகோதரிக்குக் கொடுத்ததும் நானே. கணவர் இதை அறியாமல் முறைப்பாடு செய்துவிட்டார். அழகமுத்து என்பவருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. கையெழுத்துப் போட முதலாளி பேனாவை எடுத்தார். மிஸ் அதை வாங்கி நூருன்னிஸாவிடம் கொடுத்தார்.

பொலிஸ் பொறுப்பதிகாரி இரண்டு தரம் வாசித்தார். முதலாளியை ஒரு பார்வை பார்த்தார், மனைவியை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லிச் சிங்களத்தில் அரை மணி நேரம் உபதேசம் செய்தார். மிஸ் அதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தார். பின்னேரம் நாலு மணிக்கு அழகமுத்து வெளியே வந்தார். மூன்று நாள் தாடி, இடுப்பில் கசங்கிய சாரம். அடி எதுவும் இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதலாளி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அழகமுத்து மிஸ்ஸின் பக்கம் திரும்பினார்.

“மிஸ், நீங்க சொன்னா சரியா இருக்கும்னு சொல்லுவாங்களே. யாருங்க மிஸ் எடுத்தது? எப்பிடிப்பட்ட ஆளு?”

கள்ளனின் குணத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டும் மிஸ் வாயைத் திறக்காமல் இருந்ததை மாத்தளையில் யாரும் கண்டதில்லை. ஒரு கணம் உதடு அசைந்தது. பிறகு அழகமுத்துவின் முழங்கையைப் பிடித்து மெல்ல நூருன்னிஸாவின் பக்கம் திருப்பிவிட்டு, வீதியோரமாகப் பத்து அடி தள்ளிப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, காதையும் சேர்த்து மறைக்கிற மாதிரிக் குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.